கப்பல் வருமென்று சொன்னார்கள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். அமெரிக்கா உலகப் போருக்குள் வந்த கதை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், சட்டைகளை அயர்ன் பண்ணிக்கொண்டே படித்தேன் என்பேன். பொய்யில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் தொடக்கம். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் மகள் வீட்டில் இருந்தேன். பேத்திக்கு அந்தக் கதையை வகுப்பின் முன்னால் நின்று பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. நான் அயர்ன் பண்ண, அவள் எனக்கு எதிரே நின்று பேசிப் பழகினாள். ஜெர்மனில் ஒரு வரி, எனக்காகத் தமிழில் ஒரு வரி.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் வேறொரு போர்தான் பேச்சு. வன்னியில், கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவில் ஒடுங்கிப்போன மணலில், என் தங்கச்சி புருஷனோடும் மகளோடும் பதுங்குகுழிக்குள் இருந்தாள். நாங்கள் சனிக்கிழமைகளில் டுசல்டோர்ஃப் போய்ப் பதாகை பிடித்தோம். அமெரிக்கா வர வேண்டும் என்று கேட்டோம். சனங்களை ஏற்ற அமெரிக்கக் கப்பல் வெளிக்கிட்டுவிட்டதாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். அடுத்த சனிக்கிழமை அது பாதி வழி வந்திருக்கும்.

எங்கள் குடும்பத்தில் ஒருவர் கனடா, ஒருவர் லண்டன், இரண்டு பேர் சுவிஸ். ஏஜென்ட் இறக்கிவிட்ட இடமெல்லாம் நாடு. அமெரிக்காவில் மட்டும் ஒரு குஞ்சும் இல்லை. அங்கே ஒரு பெட்டையைக் கட்டிக் கொடுத்திருந்தால் சம்பந்தி வீட்டுப் பிரச்சினை என்றாவது எட்டிப் பார்த்திருப்பார்கள் என்று பதாகைக்குப் பின்னால் நின்று சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண் சிரிக்கவில்லை. அவளுடைய மகன் வன்னிக்குள்ளே இருந்தான்.

பேத்தி சொன்ன கதை இதுதான். முதலாம் உலகப் போர் தொடங்கியதும் அமெரிக்கா, இது எங்கள் சண்டையில்லை என்றது. ஆனால் சாமான் விற்றது, கடன் கொடுத்தது. அமெரிக்கர் போன கப்பல்களை ஜெர்மன்காரர் கடலுக்கடியில் இருந்து மூழ்கடித்தார்கள். அமெரிக்கா கடிதம் எழுதியது. இன்னும் கப்பல் மூழ்கியது, இன்னும் கடிதம். நாட்டைப் போருக்குள் விடவில்லை என்று சொல்லி அங்கே தேர்தலிலும் வென்றார்கள். பிறகு ஜெர்மனி மெக்சிக்கோவுக்கு ரகசியமாக அனுப்பிய தந்தி பிடிபட்டது. எங்களோடு சேருங்கள், உங்களுக்கு அமெரிக்காவில் நிலம் பிடித்துத் தருகிறோம் என்று அதில் இருந்ததாம். கப்பல்களும் முன்னைவிட மோசமாக மூழ்கின. அதற்குப் பிறகுதான் எழும்பினார்கள்.

"எழும்ப எவ்வளவு காலம் எடுத்தது?" என்று கேட்டேன்.

"ரெண்டரை வருஷத்துக்கும் மேலை, அம்மம்மா. அதுக்குப் பிறகும் ஆமி முழுசா வந்து சேர ஒரு வருஷம்."

சட்டையின் கை கருகிவிட்டது.

நாலு நாள் கழித்துத் தங்கச்சி பேசினாள். அங்கே யாரோ வைத்திருந்த செய்மதித் தொலைபேசிக்கு வரிசையில் நின்று எடுத்திருந்தாள். கப்பல் வரும், நில் என்று லண்டன் தம்பி சொல்லிவிட்டானாம். களப்பைக் கடந்து இராணுவத்தின் பக்கம் போகிறவர்கள் மீது துப்பாக்கிச் சூடு விழுகிறது, நிற்கிற இடத்தில் ஷெல் விழுகிறது.

"நிக்கிறதோ, கடக்கிறதோ அக்கா? நீ சொல்லு."

"நிக்காதை. அவையள் யோசிச்சு முடிக்கவே வருஷக்கணக்காகும். வெளிக்கிடு."

"இவர் பக்கத்திலைதான் நிக்கிறார். ஃபோனைக் குடுக்கட்டோ?"

தங்கச்சியின் புருஷனோடு நான் ஒரு நாளும் நேரே கதைத்ததில்லை. எதுவென்றாலும் அவள் மூலம்தான். எங்கள் பக்கத்து மரியாதை அது.

"நீயே சொல்லு" என்றேன். லைன் அறுந்தது.

ஒரு பிள்ளையின் பத்து நிமிடப் பேச்சை நம்பித் தங்கச்சியைத் தண்ணீரில் இறக்கிவிட்டேன் என்பது ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. மூன்று கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. பேத்திக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு முகாமில் இருந்து செய்தி வந்தது. தங்கச்சியும் மகளும் முள்வேலிக்குள், உயிரோடு. புருஷன் கடக்கவில்லை. நீங்கள் முன்னால் போங்கள், நான் கப்பலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாராம். கப்பலும் வரவில்லை, அவரும் வரவில்லை.

முகாமை விட்டு வெளியே வந்த பிறகு ஒருநாள் அவள் ஆற அமரப் பேசினாள்.

"கப்பல் வராதெண்டு உனக்கு எப்பிடியக்கா தெரியும்?"

"பள்ளிக்கூடத்திலை படிச்சனான்."

"மூண்டாம் வகுப்பிலையோ?"

சிரித்தாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். அது அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள்:

"நான் சொல்லி அவர் எண்டைக்குக் கேட்டவர்? நீ சொல்லியிருந்தாக் கேட்டிருப்பார்."