பானெட்டுக்குத் தோல் வார் கேட்ட ஆடிட்டர்

காலையில் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தபோது எதிர் டீக்கடைக்காரர் வந்து, ஸ்ரீரங்கத்து ஆடிட்டர் சௌரிராஜன் காலமாகிவிட்டார் என்றார். யார் சொன்னது, எப்போது, எந்த ஆடிட்டர் என்று அவரைத் துளைத்தெடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது, இப்படிக் குறுக்கு விசாரணை செய்யும் பழக்கமே எனக்கு ஆடிட்டரிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று. அதற்குமேல் வேலை ஓடவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆடிட்டர் சாமானியத்தில் எவரையும் நம்பமாட்டார். பால்காரர் எதிரிலேயே பாலை விரலால் தொட்டுப் பார்ப்பார். பெட்ரோல் போடும்போது இறங்கி, பம்ப்பை முறைத்துக்கொண்டு நிற்பார். அப்படிப்பட்டவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து இரண்டே சீட் கொண்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். நாமமும் பஞ்சகச்சமுமாக அதில் அவர் மலைக்கோட்டைப் பக்கம் போனால் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்ப்பார்கள்.

பாலக்கரையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் முதல் தடவை வந்தபோது, பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, எஞ்சினை மூடும் பானெட்டில் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. "இது அலுமினியம். நீர் திருப்பிக் கொடுக்கறச்சேயும் ஒட்டப்படாது" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் வண்டியின் அழகு என் வாயை அடைத்துவிட்டது.

நான் ஒருமுறை சர்வீஸ் செய்து கொடுத்த சில நாளிலேயே அந்த விபத்து நடந்தது. ஆடிட்டரும் பள்ளிக்கூடம் படிக்கும் மகள் வேதாவும் காவிரிப் பாலத்தில் வந்துகொண்டிருந்தார்கள். பானெட் காற்றில் திறந்து எழும்பி முன்கண்ணாடியில் மோதியது. கண்ணாடிச் சில் பாய்ந்து குழந்தையின் இடது புருவம் கிழிந்தது. கண் பிழைக்குமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆடிட்டர் நேரே என் பட்டறைக்கு வந்தார். பானெட் பூட்டில் நான் ஏதோ செய்துவிட்டேன் என்றும், குழந்தைக்குக் கண் போனால் என்னை ஜெயிலுக்கு அனுப்பாமல் விடமாட்டேன் என்றும் தெருவே கேட்கச் சொன்னார். பின்னாலேயே காரையும் கயிறு கட்டி இழுத்துவரச் செய்திருந்தார். அவ்வளவு சந்தேகம் இருந்தால் வேறு பட்டறைக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்டேன்.

"அங்க விட்டா, அவனும் உம்மோட சேர்ந்துப்பான். நீர் என் கண்ணெதிர்லயே இரும்" என்றார்.

தினமும் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். எனக்கும் அவர்மேல் சந்தேகம்தான். என்னை மாட்டிவிடப் பூட்டுக்குள் அவரே எதையாவது சொருகியிருப்பாரோ என்று பயந்து, அவர் இல்லாமல் அதைத் தொடவே இல்லை. இருவருமாகத்தான் பிரித்துப் பார்த்தோம். கொக்கியில் பூமாலையின் வாழைநார் இறுகச் சுற்றியிருந்தது. நசுங்கிய துளசிகூட இருந்தது.

"இதை நீரே வெச்சிருக்கலாமே."

"நீங்களும் வெச்சிருக்கலாம் சார்."

அவர் ஸ்டூலைவிட்டு எழுந்து வந்தார். நெளிந்த முன்விளிம்பைத் தட்டச் சொல்லி, நாரைக் கொக்கியில் திரும்பச் சுற்றி, தாமே பானெட்டை மூடினார். பார்வைக்கு நன்றாக மூடிக்கொண்டது. ஒரு விரலால் நெம்பினார். திறந்துகொண்டது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இதை ஒருத்தர்கிட்டயும் சொல்லாதேயும். யார் கேட்டாலும், ஆடிட்டர் பானெட்டைச் சரியா மூடலேன்னு சொல்லும்."

தெருவில் நின்று எல்லார் காதிலும் விழ, தப்பு தம்முடையதுதான் என்று சொல்லிவிட்டும் போனார். மாலையைக் கட்டியவர் அவர்தான், வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பானெட்டை மணல் மூட்டைமேல் வைத்து ஒடுக்கெடுத்தேன். அலுமினியம் சிவக்காமலே உருகிவிடும் என்பதால் கீல் பக்கத்து விரிசலைச் சின்னச் சுவாலையில் ஒட்டவைத்தேன். தகடு அதிராமலிருக்க அடியில் அலுமினியப் பட்டைகள் வைத்து ரிவெட் அடித்தேன். அதுவே போதும். ஆனால் அவர், பானெட்டை இழுத்துக் கட்ட, வண்டியின் மூக்கிலுள்ள முன்கம்பிவரை வருகிற மாதிரி மேலே ஒரு தோல் வாரும் வேண்டும் என்றார். காவிரி தாண்டினால் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத ஆசாரமான மனிதர்! கித்தான் பட்டை போடுகிறேன் என்றேன். கேட்கவில்லை. மாட்டுத்தோல்தானா என்று விசாரித்து, எல்லார் கண்ணிலும் படும்படி போடச் சொன்னார். இதில் ஏதோ சூது இருக்கிறது என்ற நினைப்பு எனக்குப் போகவே இல்லை.

வேதாவின் கண் பிழைத்தது. புருவத்தில் தழும்பு மட்டும் நின்றது. ஊரையே சோதிக்கிற மனிதருக்குச் சொந்த வண்டியை மூடத் தெரியவில்லை என்று ஸ்ரீரங்கமே அவரைக் கேலி செய்தது. அவருடைய மனைவி மைதிலி அம்மாளும் என் எதிரிலேயே அதைச் சொல்லிக் கடிந்துகொண்டதுண்டு. அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

மைதிலி அம்மாள் போன வருஷம் காலமானார். இப்போது இவர். கைலாசபுரத்தில் குடியிருக்கும் வேதாதான் என்னை உள்ளே அழைத்துப் போனார். மனசு கேட்காமல் தோல் வாரைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

"பெருமாள் மாலையை அம்மாதான் கார்ல கட்டுவா, மாமா. எப்பவும் முன்கம்பியில கட்டுவா. அன்னிக்கு நிக்கலேன்னு பூட்டுக் கொக்கியில சுத்திட்டா. நான் பார்த்துண்டிருந்தேன். அப்புறம் தோல் வந்துடுத்து. தோல் படற எடத்துல பெருமாள் மாலை கூடாதுன்னு அவளாவே விட்டுட்டா. அப்பா ஏன் தோல் போட்டார்ன்னு அவளுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது."

வேதா மேலும் சொன்னார்: "அப்பாகிட்ட ஒரு தரம் கேட்டேன், அம்மா கட்டினதாலதானேன்னு. 'கண்ணு பிழைச்சுடுத்து. இனிமே இதுல பார்க்க ஒண்ணுமில்லே'ன்னார்."

வாசலில் யாரோ ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் பழைய பானெட் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவும் இல்லை, இனி இதை எல்லாரும் அறிய எழுதுங்கள் என்றார் வேதா. எழுதிவிட்டேன்.

அன்று நீங்கள் பானெட்டைச் சரியாகத்தான் மூடினீர்கள், சார். போய் வாருங்கள்.