ஒண்டும் செய்யாதேங்கோ

நீர்வேலியில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து சோமசேகரத்தை விசாரித்தால், ஆளைப் பற்றிச் சொல்ல முதல் அவனுடைய கிணற்றைப் பற்றித்தான் சொல்வார்கள். அந்தக் கிணற்றில் அவனுக்கு அவ்வளவு பெருமை. யார் வீட்டுக்கு வந்தாலும் தேத்தண்ணிக்கு முன்னம் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர் வந்துவிடும். "குடிச்சுப் பாருங்கோ, கற்கண்டு" என்பான். குடித்தவர் ஓம் என்று தலையாட்டும்வரை விடமாட்டான். வெயிலில் வந்தவன், தூரப் பயணத்தால் வந்தவன், காய்ச்சல் மாறி எழும்பினவன் எல்லாருக்கும் அவனிடம் ஒரே வைத்தியம்தான்: கிணற்றடிக்குப் போய் நாலு வாளி அள்ளி ஊற்று. எனக்கும் சோமுவுக்கும் நடுவில் ஒரு வேலி. சின்ன வயதிலிருந்து அந்த வேலிக்கு மேலால் அவனோடு சண்டை பிடித்து வருகிறவன் நான். ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

வாழைத்தோட்டக்காரன். மாடு மாதிரி உழைப்பான். குடி கிடையாது, சூது கிடையாது. அவனுடைய மனைவி கேதீஸ்வரி கடலோரத்து மயிலிட்டிப் பெட்டை. சண்டைக் காலத்தில் அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து வந்தபோது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த குடும்பம். "கடற்கரையிலையோ போய்ப் பொம்பிளை எடுக்கப் போறாய்?" என்று வீட்டில் குதித்தார்கள். இவன் அசையவில்லை. எல்லாரோடும் அடிபட்டு அவளையே கட்டினான். கட்டினதோடு தன்னுடைய கடமை முடிந்ததென்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவளுக்கென்று அவன் ஆசையாக ஒன்று செய்து நான் காணவில்லை. கெட்டவன் இல்லை. பக்கத்தில் இருக்கிற ஆளைத் திரும்பிப் பார்க்கத் தெரியாதவன், அவ்வளவுதான்.

மகள் நிவேதனா கலியாணம் கட்டி வவுனியாவுக்குப் போன பிறகு வீடு வெறித்துப்போய்க் கிடந்தது. அப்போதுதான் கேதீஸ்வரி விறாந்தையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தாள். மீன் வளர்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால், அவளுடைய தமையன் மயிலிட்டியிலிருந்து கான் கானாகக் கடல்தண்ணீர் கொண்டுவந்து இறக்குகிறார். கொழும்பிலிருக்கிற தமையனின் மகன் கிருஷாந் வீட்டுத் தொட்டிகளில் பவளம் வளர்க்கிறவனாம். தன்னிடமுள்ளதில் ஒரு துண்டை வெட்டி மாமிக்கு அனுப்புகிறானாம்.

"என்ன, முருகைக்கல்லோ? உது எங்கடை மதிலிலையே கிடக்குதே!" என்றேன்.

"அது செத்தாப் பிறகு வாற பேர் அண்ணை. இது அதுக்குச் சொந்தக்காரன். உயிரோடை இருக்கு" என்றாள்.

பேச்சுக்கு இடையில் தான் ஆசைப்படுவது என்ன என்பதையும் சொன்னாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது தகப்பன் ஒருநாள் அவளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனாராம். கடல் அலையில்லாமல் கிடந்ததாம். குனிந்து பார்த்தால் அடியில் பவளமெல்லாம் விரிந்து நின்றதாம். "முழுக்கப் பூத்து நிண்டுது அண்ணை. பேந்து ஊரை விட்டு வந்திட்டம். ஒருக்கா எண்டாலும் அப்பிடி விரிஞ்சு நிக்கிறதைத் திரும்பப் பாக்கவேணும்."

அவள் என்னிடம் எதையும் ஆசைப்பட்டுக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

பவளம் பஸ்ஸில் வந்தது. அந்தப் பஸ் வழியில் பழுதாகி நின்று, வெயில் ஏறின பிறகே வந்து சேர்ந்தது. பொலித்தீன் பைக்குள் இருந்ததைப் பார்க்கவே பாவமாக இருந்தது. வாடின காளான் மாதிரி ஒன்று வழுவழுவென்று சுருண்டு கிடந்தது. கேதீஸ்வரி பையோடு அதைத் தொட்டியில் மிதக்கவிட்டாள். சூடு ஒத்துப்போன பிறகு தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டாள். பிறகுதான் கையில் எடுத்து உள்ளே வைத்தாள். லைற்றைக் குறைத்தாள். தண்ணீர் சுற்றுகிற வேகத்தையும் குறைத்தாள்.

சோமு வாழைக்குலை வெட்டிக்கொண்டு வந்தவன் எட்டிப் பார்த்தான். "களைச்சு விழுந்து வந்திருக்கு, சாப்பிட ஒண்டும் குடுக்கேல்லையோ?"

"ஒண்டும் குடுக்கக்கூடாது. தொடக்கூடாது. இருட்டிலை சும்மா கிடக்கவேணும். தானா ஆறி எழும்பும்."

"நல்ல உபசரிப்பு!" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஆனால் அவனுக்கு உண்மையாகக் கோபம் வந்தது வேறொரு விசயத்தில். தொட்டியில் தண்ணீர் வற்றும், உப்பு மிஞ்சி நிற்கும். அதனால் குறைகிற அளவுக்குச் சுத்தமான நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். அதற்குக் கேதீஸ்வரி சந்திக் கடையில் வடிகட்டின தண்ணீர் வாங்கினாள். சோமசேகரத்தின் வீட்டுக்குள் கடைத்தண்ணீர்! அன்று வேலிக்கு மேலால் அவன் போட்ட சத்தம் கோயிலடிக்குக் கேட்டிருக்கும்.

"கிணத்திலை கற்கண்டு கிடக்க, கண்டறியாத கல்லுக்குக் கடைத்தண்ணியாம்! கேட்டியோடா சபாபதி?" என்று என்னையும் இழுத்தான்.

"உங்கடை தண்ணி மனிசருக்குச் சரி" என்றாள் அவள் உள்ளே இருந்து. "தோட்டத்துக்குப் போடுற பசளையெல்லாம் அதுக்கைதானே இறங்குது? இது பாவம், தாங்காது."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அன்று சாப்பிடாமல் படுத்தான், விசரன்.

பவளமோ எழும்புகிற மாதிரித் தெரியவில்லை. நாட்கள் போகப் போக அதன்மேல் மெழுகு மாதிரி ஒரு தோல் படர்ந்தது. அழுகுதாக்கும் என்றேன். இல்லையாம், பயணத்தில் அடிபட்டது அப்படித்தான் ஒரு தோலை உரித்துப்போட்டு எழும்புமாம், சுரண்டக்கூடாதாம். பின்னேரமானால் தொட்டிக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பாள். "இண்டைக்கு இல்லை" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு எழும்பிப் போவாள். பார்க்க எனக்கே அந்தரமாக இருக்கும்.

அப்படி இருக்கையில்தான் வவுனியாவிலிருந்து போன் கோல் வந்தது. பிள்ளைத்தாச்சியாக இருந்த நிவேதனாவுக்கு நாளுக்கு முன்னமே வலி கண்டுவிட்டது. கேதீஸ்வரி உடுத்த சீலையோடு ஓட்டோவில் ஏறினாள். ஏறினவள் இறங்கி வந்து, தொட்டிக் கண்ணாடியில் கீறியிருந்த கோட்டைக் காட்டினாள்.

"இஞ்சேருங்கோ, தண்ணி குறைஞ்சால் அந்தக் கடைத்தண்ணிக் கானிலை இருந்து இந்தக் கோடு மட்டும் விடுங்கோ. வேறை ஒண்டும் செய்யாதேங்கோ. உங்களைக் கும்பிட்டன், ஒண்டும் செய்யாதேங்கோ."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? "தங்கச்சி, அதை அவனுக்குச் சொல்லித் தரவேணுமே? முப்பது வருசமா அதைத்தானே செய்துகொண்டு இருக்கிறான்!" என்றேன்.

அந்தப் பதற்றத்திலும் அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

சொன்னபடியே நடந்தான். கடைத்தண்ணீரைக் கோடு மட்டும் விட்டான். பிறகு பின்னேரங்களில் அவளுடைய கதிரையில் போய் இருக்கத் தொடங்கினான். வேலியால் பார்த்து, "என்னடாப்பா, மனிசி இல்லாத நேரத்திலை மனிசியின்ரை கல்லோடை கதையோ?" என்று பகிடி பண்ணினேன். "போடா" என்றான். ஆனால் எழும்பவில்லை. வவுனியாவில் பேரன் பிறந்த செய்தி வந்தது. மனதுக்குள் அவனுக்கு என்னவெல்லாம் ஓடியதோ, எனக்குத் தெரியாது.

ஒருநாள் வெள்ளண எழும்பிப் போனவன், தொட்டிக்குள் அந்தத் தோல் கழன்று ஒரு மூலையில் கிடப்பதைக் கண்டான். பவளம் விரிந்து நின்றது. அவளுக்குச் சொல்லக் கோல் எடுத்தான். ஆசுப்பத்திரியில் நின்றாள், போன் வேலை செய்யவில்லை. அவனுக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை. பிறகு என்னிடம் சொன்னான்: "சபாபதி, அதுக்கு நானும் ஏதும் ஒண்டு செய்யவேணும் போலை கிடந்துது. வருத்தம் மாறி எழும்பின பிள்ளைக்குத் தண்ணி வார்க்கிறேல்லையே? அப்பிடித்தான் நினைச்சனான்."

அம்மை, எங்கள் பேச்சில் அம்மாள் வருத்தம், வந்து மாறினால் நாங்கள் வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீர் வார்ப்போம். வார்த்தால்தான் வருத்தம் போனதாகக் கணக்கு. இவன் வேப்பிலை ஒன்றுதான் போடவில்லை. தொட்டியில் கிடந்த பழந்தண்ணீரை அள்ளி வெளியில் ஊற்றிவிட்டு, கிணற்றில் இரண்டு வாளி அள்ளி வந்து வார்த்தான். தன்னிடம் இருந்ததில் எது நல்லதோ அதைத்தான் கொடுத்தான். முப்பது வருசமாக ஒன்றும் செய்யாத மனிதன், ஒன்றும் செய்யாதே என்று கும்பிட்டுக் கேட்ட நேரத்தில்தான் செய்தான்.

மத்தியானம் அது சுருங்கியது. பொழுதுபட முதல் சளி மாதிரி வடியத் தொடங்கியது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டான். கிருஷாந்துக்குக் கோல் எடுத்தோம். கடல்தண்ணீர் மாற்றச் சொன்னான். தமையன் கொண்டுவந்து மாற்றினார். விடிய, தொட்டிக்குள் கரைந்துபோன ஏதோ ஒன்று கிடந்து மணத்தது. விசரா, மடையா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து அழுதான். அவன் அழுது நான் கண்டது அன்றைக்குத்தான்.

கேதீஸ்வரி திரும்பி வந்த அன்று நானும் படலையில் நின்றேன். அவள் பையைக் கீழே வைக்க முதலே சொல்லிவிட்டான். "கேதீசு, நான் கிணத்துத் தண்ணி வார்த்திட்டன். அது செத்துப்போச்சு." ஏசிப் பேசுவாள் என்று நினைத்தேன். பேசியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் போய்க் கதிரையில் இருந்து வெறும் தொட்டியைப் பார்த்தாள்.

"விரிஞ்சதோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"முழுக்கவோ?"

"முழுக்க விரிஞ்சு நிண்டுது."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "எப்பிடி இருந்துது? எனக்குச் சொல்லுங்கோவன்."

"வடிவா இருந்துது."

"என்ன நிறம்? நுனியெல்லாம் பச்சையா இருந்ததோ? தண்ணிக்கு ஆடினதோ?"

அவன் தொட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் அதைக் காணவே இல்லை, என்ன சொல்வேன்? உலகத்திலேயே அதைக் கண்டவன் அவன் ஒருவன்தான்.

"தெரியேல்லை, கேதீசு" என்றான் கடைசியில். "நான் வடிவாப் பாக்கேல்லை. கண்ட உடனை கிணத்தடிக்கு ஓடிட்டன்."

அவள் எழும்பிப் போய் அடுப்பு மூட்டினாள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

அந்தத் தொட்டியைப் பிறகு தமையன் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இன்னொரு துண்டு எடுப்பிப்போம் என்று சோமு எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தான். வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது அவன் வீட்டுக்கு யார் போனாலும் நேரே தேத்தண்ணிதான் வருகிறது. செம்பு வருவதில்லை. நானும் கேட்பதில்லை.