மஞ்சள் திரைச்சீலையும் நின்றுபோன மீன் குழம்பும்

கருவடிக்குப்பத்தை விட்டு, தவளக்குப்பம் தாண்டி ஒரு தோட்ட வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. வந்ததிலிருந்து என் கை சும்மா இருப்பதே இல்லை.

போன மாதம் பழைய வேட்டிகளை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்து, ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்தேன். கொடி நிறைய மஞ்சள். அவ்வளவு அழகு!

அதே வாரம் பக்கத்து வீட்டு செல்வியக்கா ஞாயிறுதோறும் தரும் மீன் குழம்பு நின்றுபோனது. என்ன தப்பு செய்தோம் என்று நானும் கணவரும் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

இன்று பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். குழம்பு ஏன் நின்றது என்று கேட்டே விட்டேன். அக்கா திருப்பிக் கேட்டார்.

“வெரதம் இருக்கற வூட்டுக்கு எப்டிம்மா மீன் கொழம்பு குடுக்கறது?”

“யாருக்கா வெரதம்?”

“கொடி ஃபுல்லா மஞ்சத்துணி காஞ்சுதே! ரெண்டு பேரும் தீ மிதிக்கப் போறீங்கன்னு தெருவே பேசுது. என்னிக்கி மிதிக்கிறீங்க?”

ஜன்னல் திரை என்றேன். அக்கா சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். வரும் ஞாயிறு குழம்பு உறுதி.

அடுத்து மெத்தை விரிப்புகளுக்குக் கருப்புச் சாயம் போடுவதாக இருந்தேன். கார்த்திகை நெருங்குகிறது, ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டோம் என்பார்கள்.

மீன் குழம்பு நின்றுபோகாத நிறம் ஒன்று சொல்லுங்களேன். சாயப் பானை அடுப்பில் கொதிக்கிறது.