வைத்தியனுக்கு வரிச் சால்வை

இன்று உப்புக்குளம் இன்டர்நெற் கடையில் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

1. விளையாட்டில் நான் எடுத்த பாத்திரம்.
2. அவனுக்குப் போர்த்திய சால்வை.
3. ஆமிக்காரர் என்னைப் பிடிக்க வந்தது.

கனடாவிலிருக்கும் மகள், தன்னோடு இணையத்தில் விளையாட வரச் சொன்னாள். வீரன், வில்லாளி, வைத்தியன் என்று மூன்று வகைப் பாத்திரங்கள். ஆயுதம் இல்லாதவன் என்பதால் வைத்தியனை எடுத்தேன். பலம், புத்தி என்று பிரித்துப் போடத் தந்த புள்ளிகள் எல்லாவற்றையும் பலத்துக்கே போட்டேன்.

இலவசமாக ஒரு சால்வை கிடைத்தது. போர்த்திய பிறகுதான் பார்த்தேன், மஞ்சளில் கறுப்புப் புலி வரிகள்.

அந்த நேரம் பக்கத்துக் கதிரையில் ஆமிச் சீருடையோடு ஒருவர் வந்து அமர்ந்தார். போர் முடிந்து நாங்கள் மீள்குடியேறி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. சால்வையைக் கழற்றும் பொத்தானைத் தேடினேன். அவசரத்தில் வேறொன்றை அழுத்த, படம் திரை முழுவதும் பெரிதாகிவிட்டது.

அவர் எட்டிப் பார்த்தார். "ஐயா, இது பிழை."

"தெரியாமல் போட்டிட்டன் மாத்தயா. இப்ப கழட்டுறன்."

"சால்வை இல்ல ஐயா. வைத்தியருக்கு பலம் எதுக்கு? புத்திக்கு போடுங்க. இப்பிடி போனா சண்டையில உங்க ஆள் எல்லாம் செத்துருவாங்க."

கடைக்காரர் சிரித்தார். "பயப்படாதேங்கோ சேர். அவர் ஒவ்வொரு நாளும் விளையாட வாறவர்."

ஆமிக்காரர் எழும்புவதற்கு முன், தன் விளையாட்டுக் குழுவில் சேரச் சொல்லி எனக்கு அழைப்பும் அனுப்பிவிட்டார். ஏற்கவும் பயம், மறுக்கவும் பயம். இன்னும் எதையும் அழுத்தவில்லை. நீங்கள் என்றால் எதை அழுத்துவீர்கள்?

மூன்றாவதாக எழுதியது பிழை. அவர் பிடிக்க வரவில்லை, ஆள் சேர்க்க வந்திருக்கிறார்.