ஒரு பருப்பு போகிற இடைவெளி

மிஷினின் உருளைக்கும் அதன் அடியில் இருக்கும் சல்லடைக்கும் நடுவே ஒற்றை மல்லாட்டைப் பருப்பை, அதாவது வேர்க்கடலைப் பருப்பை வைத்து, ஈர்க்குச்சியால் மெல்லத் தள்ளுகிறாள் அம்சவள்ளி. பருப்பு அந்தப் பக்கம் வந்து விழுகிறது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். சிவப்புத் தோலில் கீறல் இருந்தால் உருளையை ஒரு மரை ஏற்றுவாள். பருப்பு தொளதொளவென்று போனால் இறக்குவாள். ஓடு உடைய வேண்டும், உள்ளே இருப்பவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. "தோலு போவல. ஓட்டு" என்று அவள் சொன்ன பிறகுதான், திண்டிவனத்து ஓரத்தில் இருக்கும் அந்த மல்லாட்டை உடைக்கும் மில்லில் ஸ்விட்சைப் போடுவார்கள். வருகிற மூட்டைச் சரக்கு நல்லதா, தள்ளுபடியா என்று எழுதுவதும் அவள்தான்.

பத்தொன்பது வருஷமாக இதையே செய்து செய்து, உலகத்தில் உள்ள சந்துபொந்து எல்லாமே அவளுக்குப் பருப்புக் கணக்காகிவிட்டது. தையற்காரரிடம், "அக்குளாண்ட ரெண்டு பருப்பு லூசா வையி" என்பாள். மழைக்கு உப்பிய வாசற்கதவைப் பார்க்க வந்த ஆசாரியிடம், "அரைப் பருப்பு இழைச்சா போதும்" என்றாள்; மனுஷர் இழைப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாராம். விழுப்புரத்தில் பல் டாக்டர், முன்பல்லுக்கு நடுவே இடைவெளி கூடியிருக்கிறதா என்று கேட்டதற்கு, "கால் பருப்பு கூடிக்கீது டாக்டர்" என்று பதில் சொல்லியிருக்கிறாள். எதற்கென்று தெரியாமலே அவரும் சீட்டில் எழுதிக்கொண்டார்.

வயது நாற்பத்தாறு. சுடிதார் பேண்ட், மேலே கணவனின் பழைய முழுக்கைச் சட்டை, கழுத்தைச் சுற்றித் துண்டு. இந்தக் கோலத்தில், ஆட்டுக்கொம்பு போல் வளைந்த ஹாண்டில்பாரைப் பிடித்துக் குனிந்துகொண்டு, கிளியனூரிலிருந்து திண்டிவனத்துக்கு அவள் ரேஸ் சைக்கிளில் வருவதைப் பார்த்து, முதல் வாரத்தில் இரண்டு பஸ் டிரைவர்கள் ஹாரன் அடிக்கவே மறந்தார்கள்.

அந்த சைக்கிள் வந்த கதை எளிது. அவள் கணவன் பூவரசன் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். பாண்டியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவர், பழைய பீரோவோடு சேர்த்து இதையும் அவன் தலையில் கட்டிவிட்டார். பீரோவை விற்றான். சைக்கிளை விற்பதற்குள் அம்சவள்ளி அதில் ஏறி ஒரு சுற்று போய்விட்டு வந்தாள். அவ்வளவுதான், இறங்கவில்லை. மில்லில் காலை முதல் மிஷின் சத்தம், வீட்டில் மாமியார், குழாய், அடுப்பு, போன். நடுவில் இருக்கும் அந்த நாற்பது நிமிஷத்தில்தான் யாருக்கும் அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை. காற்று மட்டும் காதில் ஏதோ சொல்லும், அதற்கும் பதில் எதிர்பார்க்காது. அந்தச் சைக்கிளின்மேல் அவளுக்கு இருந்தது ஆசை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும்.

குறை ஒன்றுதான்: டயர் சுண்டுவிரல் கனம். போன மாதம் ரோட்டுப் பிளவில் முன்சக்கரம் மாட்டி, முழங்கை தேய விழுந்தாள். பின்னால் வந்த லாரி ஒரு ஆள் நீளத் தூரத்தில் வந்து நின்றது. செய்தி கேட்ட பூவரசன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சைக்கிளை வாங்க ஆளே பார்த்துவிட்டான்.

"பெரிய டயரு போட்டு, எங்கியும் ஒரசாம ஓடினா வெச்சிக்கோ. இல்லன்னா ஞாயித்துக்கிழம வண்டி கைமாறுது. உன்ன ரோட்ல தேடிக்கினு இருக்க என்னால ஆவாது."

"சரிங்க. ஆனா ஒரசுதா இல்லியான்னு பருப்பு சொல்லட்டும்" என்றாள் அம்சவள்ளி. தன் சைக்கிள் என்பதற்காகத் தன் கணக்கைத் தளர்த்தினால், நாளைக்கு மில்லில் யார் மதிப்பார்கள்? வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு விழுப்புரம் போய், இருபத்தெட்டு மில்லி அகல டயர் இரண்டு வாங்கி, தோளில் குறுக்கே மாட்டிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினாள். பக்கத்து சீட்டு அம்மாள் பயபக்தியோடு, "திருவக்கரை காளிக்கு வேண்டுதலாம்மா?" என்று கேட்டாள். அம்சவள்ளி கொஞ்சம் யோசித்து, "அப்பிடித்தான் வெச்சிக்குங்க" என்றாள்.

சனிக்கிழமை மதியம் மில்லில் கரண்ட் போயிற்று. சைக்கிள் கடை சவுரிராயன் அங்கேயே வந்து புது டயரை மாட்டிக் காற்றும் அடித்து முடித்திருந்தான். தீர்ப்பைக் கேட்கப் பூவரசனும் வந்திருந்தான். மூட்டையோடு காத்திருந்த விவசாயிகளுக்கு வேறு வேலை இல்லாததால், சுற்றி வட்டமாக நின்றுகொண்டார்கள். ஞாயிறுக்கு இன்னும் ஒரு ராத்திரிதான் இருந்தது.

முதல் தகராறு, எந்தப் பருப்பு என்பதில். பூவரசன் குவியலில் கைவிட்டுத் துழாவி, கோலிக்குண்டு மாதிரி ஒன்றை எடுத்து வந்தான். "இதுவும் உன் மில்லுப் பருப்புதான?"

"அது பருப்பு இல்லீங்க, அது பலாக்கொட்ட" என்றாள் அவள். தரையில் சாக்கை விரித்து, நூறு பருப்பை எண்ணி, சிறிதிலிருந்து பெரிதாக வரிசை கட்டி, ஐம்பதாவதை எடுத்தாள். அங்கே வந்தது இரண்டாம் தகராறு. அந்தக் குவியலே, காத்திருந்தவர்களில் ஒருவரான பிரம்மதேசம் ராஜவேலுவின் மூட்டையை உடைத்தது.

"என் மல்லாட்டைய எதுக்கும்மா டயர்ல வெக்கிற? ஒடைஞ்சா என் சரக்கு சரியில்லன்னு எழுதிடுவியா?" பெரியவர் பதறிப்போனார்.

"ஐயா, இது சைக்கிளுக்கு டெஸ்ட்டு. உங்க சரக்குக்கு இல்ல."

"பாஸாச்சின்னா என் சரக்கு நல்ல சரக்குன்னு சொல்லுவியா?"

"மாட்டேன்."

"அப்ப பெயிலானா மட்டும் இன்னாத்துக்கு என் பேரு?" பேஜாரு தாங்காமல், பருப்பின் பெயர் வெளியே வராது என்று எல்லாரும் சேர்ந்து அவருக்கு வாக்குக் கொடுத்தார்கள்.

அம்சவள்ளி உட்கார்ந்தாள். முன் டயருக்கும் சைக்கிள் சட்டத்துக்கும் நடுவே இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என்று பருப்பை வைத்தாள். ஈர்க்குச்சியால் தள்ளிக்கொண்டே சக்கரத்தை நிதானமாகச் சுற்றினாள். பருப்பு டயரோடு உருண்டு அந்தப் பக்கம் வந்தது. தோல் போகவில்லை. "பாஸு!" என்று யாரோ கத்த, ராஜவேலு பெருமையாகத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பின்சக்கரம், செயின் பக்கம், பாஸ். மறுபக்கம், பாஸ். மீதி இருந்தது பின் பிரேக்குக்கு அடியில் இருக்கும் இடம் ஒன்றுதான்.

அங்கே குனிந்துதான் பார்க்க வேண்டும். கூட்டத்துக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. பக்கத்தில் குந்தியிருந்த பூவரசனுக்கும் சவுரிராயனுக்கும்தான் கை தெரிந்தது. சக்கரம் அரைச்சுற்று வந்தது, முக்கால் சுற்று வந்தது. புது டயர் ஓரிடத்தில் கொஞ்சம் புடைத்திருந்தது. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

உள்ளங்கையில் பருப்பு இரண்டாகக் கிடந்தது.

"அக்கா, ஆறு மில்லி கேப்பு கீது. நாலு இருந்தாலே போதும்" என்றான் சவுரிராயன், குரலைத் தாழ்த்தி. "புது டயரு, ஓட ஓட படிஞ்சிடும்."

"மில்லியெல்லாம் உன் கடையில வெச்சிக்கோ. ஒடைஞ்சது ஒடைஞ்சதுதான்" என்றாள் அம்சவள்ளி. எத்தனை பேர் மூட்டையை முகம் பார்க்காமல் தள்ளி வைத்திருக்கிறாள்! இன்று தள்ளுவதற்குக் கை எழவில்லை. அந்தக் கைமேல் முழங்கைத் தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"இன்னாச்சும்மா, ஜல்தி சொல்லு!" என்று பின்னாலிருந்து ராஜவேலு அவசரப்பட்டார்.

பூவரசன் சவுரிராயனைப் பார்த்தான். "ஏம்பா, நெஜமா சொல்லு. ஓட்றப்ப ஒரசுமா?"

"எங்கம்மா மேல சத்தியமா ஒரசாதுண்ணே."

பூவரசன் பெண்டாட்டியின் முகத்தை ஒரு தரம் பார்த்தான். அப்புறம் நிதானமாகக் கையை நீட்டி, அவள் உள்ளங்கையில் கிடந்த இரண்டு பாதிகளையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"எந்தப் பருப்பு?" என்றான், மென்றுகொண்டே.

பச்சைப் பருப்பு தொண்டையில் மாட்டி அவனுக்குப் புரையேறியது. கண்ணில் நீர் முட்ட இருமினான். அம்சவள்ளி அடுத்த பருப்பைத் தேடவில்லை. சைக்கிளில் செருகியிருந்த தண்ணீர்ப் பாட்டிலை உருவி, மூடியைத் தானே திறந்து, அவனிடம் நீட்டினாள்.