அறுபத்து நான்காவது அடிக்குப் பிறகு

ஸ்காட்லாந்தின் அபர்தீனுக்கு வந்த பதினொரு ஆண்டுகளில் எங்கள் வீட்டில் மின்சாரம் நின்றது நான்கே முறை. நான்கையும் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். முதல் முறை நின்றபோது பழக்கதோஷத்தில் எழுந்து சன்னலைத் திறந்தேன்; வெளியே இரண்டு டிகிரி. செத்த நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு மூன்று மெழுகுவர்த்திகளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மொத்தம் முப்பத்தெட்டு நிமிட இருட்டு. அதற்கு ஒரு தெருவே துக்கம் விசாரித்துக்கொள்வதை அன்றுதான் பார்த்தேன்.

ராஜபாளையத்தில் கரண்ட் போனால் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. மில்லும் பட்டறையும் நிறைந்த ஊர் அது. கரண்ட் போனால் ஒரு வேலை முடிந்து இன்னொரு வேலை தொடங்குகிறது என்றுதான் பொருள். ஓடும்போது தொட முடியாத இயந்திரத்தை அப்போதுதான் தொடலாம். பெல்ட்டை இழுத்துக் கட்டுவார்கள், பஞ்சுத் தூசியை வழித்தெடுப்பார்கள், எண்ணெய் விடுவார்கள். நான் டிப்ளமோ முடித்து மில்லில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைப் பழகிவிட்டேன். "கரண்ட் போயிருச்சு" என்று ஒருவர் சொன்னால், இனி கை வைக்கலாம் என்று அர்த்தம். யாரும் இதைச் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எங்கள் கைகளுக்குத் தெரிந்திருந்தது. அதில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே வந்தது மனைவி கோதையின் விசாவில் ஒட்டிக்கொண்டு. அவள் செவிலியர்; அவளை இந்த நாட்டு மருத்துவமனை கேட்டு வாங்கியது, என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் மூன்றாவது மாதத்தில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குப் போகும் குழாய்களைத் தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்கும் இடம். வேலை கிடைத்ததற்குக் காரணம், நேர்காணலில் அவர்கள் காட்டிய பம்ப்பைப் பார்த்ததும் நான் அதனருகே போய்க் காதைக் கொடுத்து நின்றதுதான். காற்றால் ஓடும் பம்ப் அது. எங்கள் ராஜபாளையத்துப் பம்ப்பின் தம்பி.

தெரியாதவர்களுக்கு எளிதாகச் சொல்கிறேன். இந்தப் பம்ப்பில் மோட்டார் கிடையாது. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று ஒரு பெரிய பிஸ்டனைத் தள்ளும். அது ஒரு சின்ன பிஸ்டனைத் தள்ளும். அது தண்ணீரைத் தள்ளும். பெரியது சின்னதைவிட நூறு மடங்கு என்றால், நாலு பார் காற்று நானூறு பார் தண்ணீராகும்; பார் என்பது அழுத்தத்தின் அளவு. விரல் நகம் அளவு இடத்தில் எட்டு மூட்டை சிமென்டை அடுக்கியது போல. ஒவ்வொரு தள்ளலையும் நாங்கள் ஓர் அடி என்போம். 'டப்' என்று கேட்கும். வேண்டிய அழுத்தம் வந்ததும் இரண்டு பக்கமும் சமமாகி, பம்ப் தானாக நின்றுவிடும். நின்றுவிடும் என்றா சொன்னேன்? தவறு. பேசாமல் இருக்கும். உள்ளே நானூறு பாரையும் பிடித்துக்கொண்டு, அணைத்துப் போட்ட இயந்திரம் போலவே இருக்கும்.

சேத்தூர் போகும் சாலையில் என் அத்தான், அதாவது அக்காள் கணவர், வேலுச்சாமியின் பட்டறையில் அப்படி ஒன்று இருந்தது. பட்டாளத்தில் பதினேழு வருடம் வண்டி மெக்கானிக்காக இருந்து திரும்பியவர் அவர். பஞ்சுப் பொதி அழுத்தும் இயந்திரங்களின் ரப்பர் குழாய்களான ஹோஸ்களையும் டிராக்டர் ஹோஸ்களையும் பழுது பார்த்து, அழுத்தம் ஏற்றிச் சோதித்துக் கொடுப்பார். நான் மில் வேலையை விட்டு அவரோடு சேர்ந்திருந்தேன். ஒரு நாள் முற்பகல், நானூறு பாரில் ஒரு ஹோஸ் நிற்கிறது, பம்ப் பேசாமல் இருக்கிறது, கரண்ட் போய்விட்டது. கம்ப்ரசர் மோட்டார் ஓய்ந்தது, மின்விசிறி ஓய்ந்தது. அத்தனை அமைதி. ஹோஸின் முனையில் இலேசாக ஒரு கசிவு இருந்ததை இருவரும் முன்பே பார்த்திருந்தோம். "கரண்ட் போயிருச்சு அத்தான், கழட்டுங்க" என்றேன். அவர் ஸ்பேனரைப் போட்டு, கசிவு எங்கே என்று பார்க்க இடது ஆள்காட்டி விரலை நட்டின்மேல் வைத்துத் திருகினார்.

கம்ப்ரசர்தான் கரண்டில் ஓடியது. அதன் தொட்டி நிறையக் காற்று இருந்தது. அந்தக் காற்றுக்குக் கரண்ட் போனது தெரியாது. நட்டு இளகியதும் பம்ப் மறுபடி அடித்தது. நான் ஓடிப்போய்க் காற்று வால்வை மூடும் வரை ஒன்பது அடி. எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை. காதில் விழுந்து எண்ணிக்கையாக நின்றுவிட்டது.

காயம் என்று ஒன்றும் தெரியவில்லை. பீய்ச்சிய தண்ணீர் விரல் நுனியில் போட்ட அரைக் கடுகு அளவு துளை, ஒரு சொட்டு ரத்தம். வலிக்கவில்லை என்றார். நான் கேட்காமல் மொபெட்டில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விட்டேன். கோதை அங்கே ஒரு மருத்துவமனையில் பணியில் இருந்தாள். அத்தான் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஊசி போடுகிற வேலையைப் பம்ப்பே முடித்துவிட்டது, இனி எதற்கு மருத்துவமனை என்று சிரித்துக்கொண்டே வந்தார். கோதை சிரிக்கவில்லை. மூன்று கேள்வி கேட்டாள்: உள்ளே இருந்தது என்ன தண்ணீர், எம்புட்டு பிரஷர், எத்தனை நிமிஷம் ஆச்சு. எண்ணெய் கலந்த தண்ணீர், நானூறு, இருபத்தாறு நிமிடம் என்றேன்.

"அண்ணே, வலிக்கலைன்னு சொல்லுதீகள்ல, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. இது கட்டுப் போட்டுட்டு வீட்டுக்குப் போற காயம் இல்ல. இப்பவே மதுரைக்குக் கிளம்பணும்."

மருத்துவரிடம் அவளே போய்ப் பேசினாள். அவரும் பார்த்துவிட்டு உடனே வண்டிக்குச் சொன்னார். மதுரையில் கையைத் திறந்து பார்த்தபோது எண்ணெய் உள்ளங்கை வரை ஏறியிருந்தது. விரலை எடுத்து, கையைக் காப்பாற்றினார்கள். சாயங்காலம் வந்திருந்தால் கையே போயிருக்கும் என்று அந்த அறுவை மருத்துவர் சொன்னார். என் மனைவியைப் பற்றி நான் அதிகம் பெருமையடித்துக்கொள்வதாக உறவில் ஒரு பேச்சு உண்டு. அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வது?

"கழட்டுங்க" என்று சொன்னது நான் என்பதை அத்தான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "நானாத்தான் கை வச்சேன்" என்றே அக்காளிடமும் சொன்னார். இங்கே நானே எழுதிவிடுகிறேன். கட்டுப் பிரித்த மறுநாள், பட்டறைச் சுவரில் பெயின்டால் எழுதினார்: 'கரண்ட் போனாலும் காத்து இருக்கு. காத்தை மூடு, வால்வைத் திற, பிரஷர் முள் பூஜ்யத்துக்கு வரட்டும், பொறவு ஸ்பேனரைத் தொடு.' அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் ஒருவர் கையிலும் ஒரு கீறல் விழவில்லை. நான் எண்ணத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான். ஒவ்வொரு சோதனைக்கும் எத்தனை அடி என்று நோட்டில் எழுதினேன். ஒரே அளவு ஹோஸ், காற்றில்லாமல் தண்ணீர் நிரப்பியது என்றால், ஒரே எண்ணிக்கைதான் வரும். மாறினால் ஏதோ சரியில்லை.

இந்தப் பழக்கத்தோடு அபர்தீனுக்கு வந்தேன். இங்கே எல்லாம் வேறு. எங்கள் ஊரில் மழைக்காலத்துக் காலையில் காற்று வடிகட்டியின் கிண்ணத்தில் அரை டம்ளர் தண்ணீர் சேர்ந்திருக்கும், வடித்துவிட்டுத்தான் பம்ப்பைத் தொடுவோம். இங்கே காற்றை முதலிலேயே உலர்த்திவிடுவதால் ஆறேழு சொட்டு. அங்கே வெயிலில் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல் வெடிக்கும். இங்கே காற்று வெளியேறும் வாயில் பனி பூக்கும். சோதனைத் துண்டு ஓர் அறைக்குள், நாங்கள் தடித்த சுவருக்கு வெளியே. எல்லாவற்றுக்கும் படிவம், பதினான்கு கட்டம், பதினான்கு கையெழுத்து. அடி எண்ணுவதற்கு மட்டும் கட்டம் இல்லை. நான் நம் வழக்கப்படி கட்டை விரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஒரு கையில் பன்னிரண்டு, அது நிறைந்தால் மறு கையில் ஒரு கணு.

இரண்டாவது வாரம், பட்டறைப் பொறுப்பாளர் மோராக் என்னைத் தனியே அழைத்துப் போனார். ஐம்பது வயதுப் பெண்மணி, கடலில் எண்ணெய் மேடையில் வேலை பார்த்தவர், குரல் கம்ப்ரசருக்கு மேல் கேட்கும். அன்று மட்டும் தாழ்ந்த குரலில், என் நம்பிக்கையை மதிப்பதாகவும், ஆனால் பம்ப் ஓடும்போது வேண்டாமே என்றும் சொல்லி, பெயின்ட் டப்பாக்களை அகற்றிக் காலி செய்த ஒரு சிற்றறையைக் காட்டினார். ஒரு நாற்காலி, கதவில் 'அமைதி' என்று ஒரு பலகை. நான் ஜபம் செய்வதாக நினைத்திருக்கிறார் என்பது எனக்கு விளங்க நான்கு நாள் ஆனது. அதற்குள் நன்றி சொல்லியிருந்தேன். ஒருவர் அத்தனை அன்பாகக் கொடுத்த அறையை எப்படித் திருப்பிக் கொடுப்பது? தினமும் பத்து நிமிடம் அங்கே போய் உட்கார்ந்தேன். பம்ப்பருகே கையைச் சட்டைப் பைக்குள் விட்டு எண்ணினேன்.

எனக்குக் கவலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். இந்த ஆண்டு மட்டும் இரண்டு சோதனைகளைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். இரண்டு முறையும் தவறு என்னுடையது. ஒரு முறை ஹோஸ் புதிதாக மாற்றியதால் எண்ணிக்கை கூடியது, இன்னொரு முறை நானே ஒரு கணுவைத் தாண்டி எண்ணிவிட்டேன். ஒவ்வொரு நிறுத்தலுக்கும் அரை நாள் வீண். மூன்றாவது முறை காரணமில்லாமல் நிறுத்தினால் உன்னைக் கிடங்குக்கு மாற்றிவிடுவேன், அங்கே எண்ணுவதற்குப் போல்ட்டுகள் நிறைய இருக்கின்றன என்றார் மோராக். வேடிக்கையாகச் சொல்லவில்லை. அறுபத்து நான்கு வயதில், முப்பது வருடம் காதால் கற்ற தொழிலிலிருந்து போல்ட் எண்ணப் போவதை நினைத்து இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரே அளவில் எட்டுக் குழாய்த் துண்டுகள். முந்தின நாள் ஏழு முடிந்திருந்தன. எல்லாம் அறுபத்தொன்றிலிருந்து அறுபத்து நான்கு அடிக்குள். எட்டாவதை நேரில் பார்க்க, வாங்குபவரின் ஆய்வாளர் வந்திருந்தார். மாலையில் கப்பல். தண்ணீர் நிரப்புவது சக தொழிலாளி கிரெய்க்கின் வேலை. இரண்டு பெண்களுக்குத் தகப்பன், வாயைத் திறந்தால் கால்பந்து. அழுத்தம் ஏறி நின்றபின் உள்ளே போய் டார்ச் அடித்து மூட்டுகளைப் பார்ப்பவரும் அவரே. நான் பம்ப்பை ஓட்டினேன்.

அறுபது. அறுபத்து நான்கு. அழுத்தம் காட்டும் கேஜில் முள் பாதியைக்கூடத் தொடவில்லை. எழுபது. கிரெய்க் சுவரோரம் டார்ச்சோடு தயாராக நின்றார். பம்ப்பின் சீல் தேய்ந்திருக்கும் என்று சொன்னார். தேய்ந்த சீல் என்றால் முள் ஏறும், நழுவும். இது நழுவவில்லை, மெத்தையை அமுக்குவது போல மெதுவாக ஏறியது. உள்ளே காற்று. தண்ணீரை அமுக்கினால் அது சுருங்காது, உடைந்தாலும் பீய்ச்சிவிட்டு ஓய்ந்துவிடும். காற்றை அமுக்கினால் வில்லைப் போலச் சேர்த்து வைத்துக்கொள்ளும். உடைந்தால் இரும்பையும் கூடவே எடுத்துக்கொண்டு வரும். இது எல்லாம் எனக்குத் தெரியும். கிடங்கும் தெரியும். எண்ணிக்கையில் நான் மறுபடி ஒரு கணு தாண்டியிருக்கலாம் என்பதும் தெரியும். எண்பதாவது அடியில் காற்று வால்வை மூடினேன்.

"வாசு, இந்தத் தடவை காரணம் இருக்கா?" என்றார் மோராக். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எண்பது அடி. அறுபத்து நான்கு வரவேண்டும்" என்றேன். அவ்வளவுதான் என் ஆங்கிலத்தில் வந்தது.

அவர் என் கையைப் பார்த்தார். கட்டை விரல் எட்டாவது கணுவில் இருந்தது, மறு கையில் ஆறு கணு முடிந்திருந்தது. ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டு, அதோடு எட்டு என்று அவருக்குத் தொட்டுக் காட்டினேன். மோராக் அழுத்தத்தை இறக்கச் சொன்னார். முள் பூஜ்யத்துக்கு வந்தபின் கிரெய்க் குழாயில் மறுபடி தண்ணீரைத் திறந்து, மேல் வாய்த் திருகைக் கழற்றினார். விசில் போலக் காற்று வந்தது. பதினோரு விநாடி வந்தது. முதலில் தண்ணீர் தெறித்ததுமே நிரம்பிவிட்டது என்று மூடியிருக்கிறார், யாருக்கும் நேரக்கூடியதுதான்.

சரியாக நிரப்பி மறுபடி ஓட்டினோம். அறுபத்திரண்டாவது அடியில் முள் இடத்துக்கு வந்து நின்றது. என் கவலை ஓயவில்லை; இரண்டு நிமிடம் பொறுத்துப் போகச் சொன்னேன். கிரெய்க் முணுமுணுத்துக்கொண்டே பொறுத்தார். அந்த இரண்டு நிமிடத்துக்குள் உள்ளே 'சட்' என்று ஒரு சத்தம், முள் விழுந்தது. போய்ப் பார்த்தால் ஒரு மூட்டின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் வளையம் பிய்ந்து, தரையில் ஒரு குவளை தண்ணீர். அவ்வளவுதான். முதல் முறை அதே கேஸ்கெட்தான், உள்ளே காற்று இருந்தது. டார்ச்சோடு அந்த மூட்டுக்கு நேரே முகத்தை வைத்திருக்க வேண்டியவர் கிரெய்க். அவர் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். கால்பந்து பேசவில்லை.

மோராக் படிவத்தை எடுத்துப் பதினான்காவது கட்டத்தின் கீழே பேனாவால் ஒரு கோடு இழுத்து, 'அடிகளை எண்ணு' என்று எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பதினைந்தாவது கட்டம். சேத்தூர் சாலைப் பட்டறையின் கணக்கு ஸ்காட்லாந்துப் படிவத்தில் ஏறியது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. பிறகு, அந்த நாளில் நான் கணுக்களைத் தொட்டதும் எண்ணிக்கைதான் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அப்போ நீ ஜபம் பண்ணவே இல்லையா? அந்த ரூம்ல இத்தனை வருஷமா என்னதான் செஞ்சே?"

"டீ குடித்தேன்" என்றேன்.

புது கேஸ்கெட் மாட்டுவதற்குள் வெளியே சுவரோரம் வந்து அத்தானுக்குப் போன் போட்டேன். இங்கே முற்பகல், அங்கே பிற்பகல், பட்டறை நடக்கிற நேரம். நடந்ததை எல்லாம் எண்ணிக்கையோடு சொன்னேன். முடித்ததும் அவர் கேட்டார்.

"விரலெல்லாம் இருக்கா அந்த ஆளுக்கு?"

"பத்தும் இருக்கு அத்தான்."

"எண்ணிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து பத்தொம்பது. அவனோடது பத்து. போதும்லா மாப்ளே. செத்த நேரம் லைன்ல இரு, இங்க ஒரு ஹோஸ் ஏறுது."

போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். போனுக்குள் ராஜபாளையத்துப் பம்ப் அடிக்கத் தொடங்கியது. என் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், கேஸ்கெட்டை மாட்டி முடித்த கிரெய்க் என் இடத்தில் நின்று இந்த ஊர்ப் பம்ப்பைத் தொடங்கினார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வலது கையில் அதையும் இடது கையில் இதையும் எண்ணினேன். பதினேழு வரை தனித்தனியாக இருந்தன. பிறகு ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று விழுந்தது, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது. எந்த அடி எந்த ஊர் என்று தெரியவில்லை. இரண்டு கட்டை விரல்களும் அந்தந்தக் கணுவிலேயே நின்றுவிட்டன. போனை வைக்க மனமில்லாமல், எண்ணாமல், கேட்டுக்கொண்டிருந்தேன்.