முதலியார்பேட்டையில் அழுத குழந்தை

புதுச்சேரியில் நடந்த சர்வதேசச் சட்ட மாநாட்டில் எனக்கு அடுத்துக் கட்டுரை வாசித்த பெண்ணின் பெயர் மறந்துவிட்டது. ஒல்லியான உடம்பு, தூக்கம் போதாத கண்கள். எந்நேரமும் ஒரு ஃபைலை மார்போடு அணைத்தே வைத்திருந்தார். மேடையிலும் அதை இறக்கவில்லை. நாடுகளுக்கு நடுவே கடலில் எல்லை வகுப்பது பற்றித் தெளிவாகப் பேசினார், கேள்விகளுக்கும் தயங்காமல் பதில் சொன்னார்.

கைதட்டல் ஓய்வதற்குள் என்னிடம் வந்தார்.

"மேடம், பாத்ரூம் கதவுல தாழ்ப்பா இல்ல. செத்த நிக்கிறீங்களா?"

ஃபைலை என் கையில் கொடுத்தபோதுதான் புடவை நனைந்திருப்பதைப் பார்த்தேன். உள்ளே அவர் பாலைப் பீய்ச்சி விடும் சத்தம் கேட்டது.

"குழந்தை எங்கம்மா?"

"முதலியார்பேட்டைல, வீட்டுக்காரர்கிட்ட. காலைலயே முடிஞ்சிடும்னாங்க. வரவேற்புரையையே மதியம் வரைக்கும் இழுத்துட்டாங்க. இப்ப அழுவுறா மேடம்."

"போன் வந்துச்சா?"

"இல்ல. அவ அழுதா எனக்குச் சுரந்துடும்."

ஃபைலை வாங்கி மறுபடி அணைத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். சான்றிதழைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

சாட்சியம் இல்லாமல் எதையும் ஏற்காதவள் நான். அவர் சொன்னதை மட்டும் அப்படியே நம்பினேன். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் ரவிக்கை நனைந்தது. என் மகன் இப்போது டொரான்டோவில் இருக்கிறான். அவனிடமிருந்து போன் வந்து நாளாகிறது. அவன் சாப்பிட்டானா, அழுதானா என்று இப்போதெல்லாம் என் உடம்பு எனக்கு ஒன்றும் சொல்வதில்லை.